செலவை முடக்கும் மசோதா, வெட்டும் மசோதா: அமெரிக்க நாடாளுமன்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுச் செலவை முடக்குவோம், வெட்டுவோம் என்ற பேச்சு இல்லாமல் அமெரிக்காவில் ஒரு தேர்தல் ஆண்டும் கழிவதில்லை. மசோதாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சில சட்டமாகின்றன, பெரும்பாலானவை குழுவைத் தாண்டுவதில்லை. செய்தித் தலைப்பில் நாம் பார்ப்பது ஒரு பெரிய தொகையை மட்டும்தான். அந்தத் தொகை எதோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது, யாருடைய பங்கிலிருந்து போகிறது என்ற விவரம் செய்தியின் கடைசி வரி வரை வராமலே போய்விடுகிறது. நான் இந்த மசோதாக்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அமெரிக்கர்கள் பில்லியன், டிரில்லியன் என்று சொல்வதை நமக்குப் பழகிய கணக்கில் தந்திருக்கிறேன். ஒரு பில்லியன் 100 கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி.

முடக்கம் என்றால் செலவையே நிறுத்திவிடுவதா?

இல்லை. ஒரு துறைக்குப் போன ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்களோ, அதே தொகையை இந்த ஆண்டும் ஒதுக்குவதுதான் முடக்கம். பணம் போய்க்கொண்டிருக்கும், ஆனால் கூடாது. அந்தத் தொகைக்கும் கீழே இறங்கினால் அது வெட்டு. மூன்றாவதாக உச்சவரம்பு என்று ஒன்று உண்டு. அடுத்த சில ஆண்டுகளுக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று முன்கூட்டியே கோடு கிழித்துவிடுவது அது.

கேட்பதற்கு முடக்கம் மென்மையாக இருக்கும். ஆனால் விலைவாசி யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஓர் அலுவலகத்துக்கு ஆண்டுக்கு 100 டாலர் ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால், மூன்று ஆண்டுகள் கழித்து அந்த 100 டாலர் ஏறக்குறைய 91 டாலர் 50 சென்ட்டின் வேலையைத்தான் செய்யும். ஐந்து ஆண்டுகளில் அது 86 டாலர் ஆகிவிடும். பத்து ஆண்டுகளில் 74. பத்தாண்டு முடக்கம் என்று சொன்னால் ஏறத்தாழ கால்பங்கு வெட்டு என்று பொருள். சபையில் எவரும் எழுந்து நின்று "கால்பங்கை எடுத்துவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் அது நடந்துவிடும். முடக்க மசோதாவை வெட்டு மசோதாவைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

"வெட்டிவிட்டோம்" என்கிறார்கள். ஆனால் செலவு ஏறிக்கொண்டுதானே போகிறது?

இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் ஒவ்வோர் ஆண்டும் ஓர் அடிப்படைக் கணிப்பை வெளியிடுகிறது. இப்போதிருக்கும் சட்டங்கள் அப்படியே தொடர்ந்தால் அடுத்த பத்தாண்டுகளில் எவ்வளவு செலவாகும் என்பதே அந்தக் கணிப்பு. ஆண்டு ஒதுக்கீட்டுச் செலவுகளைப் பொறுத்தவரை அதில் விலைவாசி உயர்வும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஒரு துறைக்கு அடுத்த ஆண்டு 103 டாலர் என்று கணித்திருக்கும்போது 101 டாலர் ஒதுக்கினால், ஒருவர் அதை 2 டாலர் வெட்டு என்பார். இன்னொருவர் 1 டாலர் உயர்வு என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை.

ஆகவே எந்தத் தொகையைப் பார்த்தாலும் முதலில் இரண்டைக் கேளுங்கள்: எதோடு ஒப்பிட்டு? எத்தனை ஆண்டுகளுக்கு? அமெரிக்கச் செய்திகளில் வரும் பெரிய சேமிப்புத் தொகைகள் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குச் சேர்த்துச் சொல்லப்படுபவை. பத்தால் வகுத்துப் பார்த்தால்தான் அளவு புரியும்.

இந்த மசோதாக்கள் மொத்தச் செலவில் எந்தப் பகுதியைத் தொடுகின்றன?

பெரும்பாலும் சிறிய பகுதியைத்தான். 2024 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர் செலவழித்தது. வருவாய் சுமார் 4.9 லட்சம் கோடி. பற்றாக்குறை 1.8 லட்சம் கோடி.

அந்தச் செலவில் ஏறத்தாழ 60 சதவீதம் ஏற்கெனவே உள்ள சட்டங்களின்படி தானாகவே போகிறது: முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர், ஏழைகளின் மருத்துவத்துக்கான மெடிகெய்ட் போன்றவை. தகுதி உள்ளவர் விண்ணப்பித்தால் கொடுத்தே ஆக வேண்டும். ஆண்டுதோறும் வாக்கெடுப்பு கிடையாது. இன்னொரு 88,000 கோடி டாலர் கடனுக்கான நிகர வட்டி. மிஞ்சுவது சுமார் 1.8 லட்சம் கோடி. நாடாளுமன்றம் ஆண்டுதோறும் உட்கார்ந்து ஒதுக்குவது இதை மட்டும்தான். இதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவு ராணுவத்துக்குப் போய்விடுகிறது.

ராணுவத்தைத் தொடமாட்டோம், ஓய்வூதியத்தைத் தொடமாட்டோம், வட்டியைத் தொட முடியாது என்று சொன்ன பிறகு எஞ்சியிருப்பது பள்ளி உதவி, ஆராய்ச்சி, நீதிமன்றம், தேசியப் பூங்கா, உணவுப் பாதுகாப்பு ஆய்வு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. மொத்தச் செலவில் இவையெல்லாம் சேர்ந்து ஏழில் ஒரு பங்கு. இவற்றை ஒன்றுவிடாமல் மூடினாலும் 2024-இன் பற்றாக்குறையில் பாதியளவுதான் அடையும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பல மேடைப் பேச்சுகளை எடைபோடுவது எளிதாகிவிடும்.

ஒரு செலவு மசோதா எப்படிச் சட்டமாகிறது?

சட்டம் இயற்றி ஒதுக்கினாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பே சொல்கிறது. நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். அநேகமாக எந்த ஆண்டும் எல்லாம் நிறைவேறுவதில்லை. அப்போது பழைய அளவிலேயே செலவைத் தொடர இடைக்கால ஒதுக்கீடு கொண்டுவருகிறார்கள். பெயர் சொல்லாமல் நடக்கும் முடக்கம் அது. செனட்டில் சாதாரண மசோதாவின் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 60 வாக்குகள் வேண்டும் என்பதால், ஒரே கட்சி நினைத்தால் மட்டும் கடுமையான வெட்டு பெரும்பாலும் நிறைவேறாது.

பற்றாக்குறையைச் சட்டம் போட்டே ஒழித்துவிட முடியாதா?

முயன்று பார்த்தார்கள். 1985 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், அதைக் கொண்டுவந்த மூன்று செனட்டர்களின் பெயரால் கிராம்-ரட்மன்-ஹாலிங்ஸ் சட்டம் என்று அழைக்கப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டுக்கும் பற்றாக்குறை இலக்கு ஒன்றை அது குறித்தது. 1991-இல் பற்றாக்குறை பூஜ்யமாக வேண்டும். இலக்கு தவறினால், விலக்கு பெற்றவை தவிர மற்ற எல்லாச் செலவுகளிலும் ஒரே சீராகத் தானாகவே வெட்டு விழும். சீக்வெஸ்ட்ரேஷன் என்ற சொல் அமெரிக்க அரசியலுக்குள் வந்தது இப்படித்தான். மூவரில் ஒருவரான வாரன் ரட்மனே இதைக் காலம் கனிந்துவிட்ட ஒரு மோசமான யோசனை என்றுதான் வர்ணித்தார்.

1986 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின் மையமான ஒரு பகுதியைச் செல்லாது என்றது. வெட்டின் அளவை முடிவு செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்தால் நீக்கப்படக்கூடிய ஓர் அதிகாரியிடம் இருந்ததே காரணம். 1987-இல் அதைச் சரிசெய்து, பூஜ்ய இலக்கையும் 1993-க்குத் தள்ளினார்கள். முதல் சட்டம் பூஜ்யம் என்று குறித்த 1991-இல் உண்மையான பற்றாக்குறை சுமார் 26,900 கோடி டாலர்.

ஏன் தோற்றது? பற்றாக்குறை எவர் கையிலும் இல்லை. பொருளாதாரம் சரிந்தால் வரி குறையும், வேலையில்லாதோருக்கான உதவி கூடும். நாடாளுமன்றம் ஒன்றும் செய்யாமலே இலக்கு தவறிவிடும். அப்போது பார்த்து வெட்டினால் சரிவு ஆழமாகும். இன்னொரு பக்கம், இலக்கைக் காகிதத்தில் மட்டும் எட்டிக்காட்ட ஆயிரம் வழிகள் இருந்தன. ராணுவச் சம்பள நாளை நிதியாண்டு எல்லையின் மறுபக்கத்துக்கு நகர்த்திக்கூட கணக்குக் காட்டினார்கள். சம்பளம் அதேதான், சிப்பாயும் அவரேதான். மாறியது ஆண்டுக் கணக்கு மட்டும்.

அப்படியென்றால் எந்தச் சட்டமுமே பலன் தரவில்லையா?

1990-இல் வந்த பட்ஜெட் அமலாக்கச் சட்டம் பலன் தந்தது என்பது என் கருத்து. அது இலக்கை மாற்றியது. பற்றாக்குறை இவ்வளவு இருக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டு, நாடாளுமன்றம் தன் கையால் செய்வதைக் கட்டுப்படுத்தியது. ஆண்டு ஒதுக்கீட்டுக்கு உச்சவரம்பு வந்தது. புதிதாக வரியைக் குறைத்தாலோ சலுகையைக் கூட்டினாலோ அதற்கு ஈடான பணத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் பட்ஜெட்டில் உபரி இருந்தது. 1969-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

புகழ் முழுவதையும் அந்தச் சட்டத்துக்கே கொடுக்க முடியாது. 1990-இலும் 1993-இலும் வரி உயர்ந்தது. பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு இறங்கியது. பொருளாதாரம் நன்றாக வளர்ந்தது. இருந்தாலும் செலவைக் கட்டுப்படுத்துவதும் வரியைப் பற்றி நேர்மையாகப் பேசுவதும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வந்தது அப்போதுதான். உபரி வந்ததும் வரம்புகளை மீறத் தொடங்கினார்கள்; 2002-இல் சட்டமும் காலாவதியானது.

2011-இல் நடந்தது என்ன?

அந்த ஆண்டு கடன் உச்சவரம்பை, அதாவது அரசு எவ்வளவு வரை கடன் வாங்கலாம் என்ற சட்ட எல்லையை, உயர்த்த வேண்டியிருந்தது. உயர்த்தாவிட்டால் அரசு தன் பாக்கிகளைக் கொடுக்க முடியாமல் போகும். பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சி, செலவைக் குறைத்தால்தான் உயர்த்துவோம் என்றது. "வெட்டு, வரம்பிடு, சமன்செய்" என்ற மசோதா ஜூலை 19-இல் அச்சபையில் 234-190 என்று நிறைவேறியது. செனட் அதை 51-46 என்று ஓரங்கட்டியது. ஆகஸ்ட் 2-இல் சமரசமாக வந்ததே பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டம். பத்தாண்டுகளுக்கு ஆண்டு ஒதுக்கீட்டுச் செலவுக்கு உச்சவரம்பு விதித்ததோடு, இரு கட்சிகளையும் சேர்ந்த 12 பேர் குழுவை அமைத்து, குறைந்தது 1.2 லட்சம் கோடி டாலருக்கான மிச்சத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னது. கண்டுபிடிக்காவிட்டால் ராணுவத்திலும் மற்றவற்றிலும் தானாகவே வெட்டு விழும். இரு தரப்புக்குமே வலிக்கும்படி அதை அமைத்தார்கள். அந்தப் பயத்திலாவது உடன்பாடு வரும் என்று நம்பினார்கள்.

வரவில்லை. நவம்பரில் குழு கையை விரித்தது. 2013 மார்ச் 1 அன்று, நடக்கவே நடக்காது என்று எல்லோரும் நினைத்திருந்த வெட்டு அமலுக்கு வந்தது. அந்த ஆண்டுக்கு மட்டும் சுமார் 8,500 கோடி டாலர்.

எல்லாத் துறைகளிலும் ஒரே சதவீதம் வெட்டுவது நியாயம்தானே?

இந்தக் கேள்விக்கு 2013-இன் வசந்த காலம் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹெட் ஸ்டார்ட் என்பது ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கான மழலையர் கல்வித் திட்டம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பாடமும் சாப்பாடும் மருத்துவப் பரிசோதனையும் தருவது. வெட்டு வந்ததும் ஒவ்வொரு மையமும் ஆண்டின் நடுவிலேயே செலவைக் குறைத்தாக வேண்டியதாயிற்று. இண்டியானா மாநிலத்தில் கொலம்பஸ், பிராங்க்லின் ஆகிய இரண்டு ஊர்களின் மையங்களில், யாரை வெளியே அனுப்புவது என்று தீர்மானிக்கக் குலுக்கல் போட்டார்கள். சுமார் 36 குழந்தைகளின் பெயர்கள் அதில் விழுந்தன. எந்தக் குழந்தைக்கு அதிகத் தேவை என்று எடைபோட்டு அனுப்ப அந்த மையங்களுக்கு மனம் வரவில்லை. சீட்டின் கையில் விட்டுவிட்டார்கள். நாடு முழுவதும் அந்த ஆண்டு சுமார் 57,000 குழந்தைகளுக்கான இடங்கள் போயின.

ஏப்ரல் 21 அன்று வெட்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை எட்டியது. இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொருவரும் சம்பளமில்லாத கட்டாய விடுப்பில் போக வேண்டும். கோபுரத்தில் ஆள் குறைந்தது. பெரிய விமான நிலையங்களில் விமானங்கள் தாமதமாயின. வார இறுதிக்குத் தங்கள் தொகுதிகளுக்குப் பறக்க வேண்டிய உறுப்பினர்களும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். ஏப்ரல் 25 இரவு செனட் ஒரு தனி மசோதாவை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. மறுநாள் பிரதிநிதிகள் சபை 361-41 என்று நிறைவேற்றியது. விமான நிலைய மேம்பாட்டு நிதியிலிருந்து 25.3 கோடி டாலர் வரை எடுத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்றது அது. எழுதிய அவசரத்தில் ஒரு சொல்லில் பன்மை எழுத்து விட்டுப்போய், அதைத் திருத்திய பிறகே அதிபரால் கையெழுத்திட முடிந்தது.

விடுப்பு தொடங்கியதிலிருந்து ஐந்தாறு நாட்களில் விமானப் பயணிகளுக்கான தனி மசோதா இரு சபைகளிலும் நிறைவேறிவிட்டது. குழந்தைகளுக்கு அந்த வாரம் தனி மசோதா எதுவும் வரவில்லை. சதவீதம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், வலியைச் சபைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வலிமை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நான்கு வயதுக் குழந்தையின் தாய் வாஷிங்டனுக்கு எப்படிக் குரல் கொடுப்பாள்? ஒரே சீரான வெட்டைப் பற்றி யார் என்னிடம் நியாயம் பேசினாலும் எனக்கு அந்தக் குலுக்கல்தான் நினைவுக்கு வருகிறது.

நிர்வாக ரீதியாகவும் அது தவறு. வீண் செலவுள்ள துறையிலும் சிக்கனமாக நடக்கும் துறையிலும் ஒரே கத்தரி விழுந்தால், ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவருக்கே அதிகம் வலிக்கும். அடுத்த முறை அவரும் கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொள்வார்.

பிறகு அந்த வரம்புகள் பத்தாண்டும் நின்றனவா?

இல்லை. 2013, 2015, 2018, 2019 என்று நான்கு முறை இரு கட்சிகளும் சேர்ந்தே அவற்றை உயர்த்தின. முதல் சில ஆண்டுகளில் செலவு உண்மையாகவே கட்டுப்பட்டது. கடைசி ஆண்டுகளில் அவை வரம்புகளாகவே இல்லை.

ஒவ்வொரு டாலரிலும் ஒரு காசு மட்டும் குறைக்கும் "பென்னி திட்டம்" என்பது என்ன?

100 காசில் ஒரு காசைக் குறைக்க முடியாதா என்ற கேள்வியிலிருந்து வந்தது. 2011-இல் கானி மேக் என்ற பிரதிநிதி கொண்டுவந்த மசோதாவின்படி, வட்டி தவிர்த்த மொத்தச் செலவை ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1 சதவீதம் குறைத்து, பிறகு நாட்டின் மொத்த உற்பத்தியில் 18 சதவீதத்துக்கு மேல் போகாமல் வரம்பிட வேண்டும். பின்னர் செனட்டர் ராண்ட் பால் இதே எண்ணத்தைப் பல வடிவங்களில் கொண்டுவந்தார். 2018 மே மாதம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது 21-76 என்று தோற்றது.

ஒரு காசு என்பது வீட்டுக் கணக்கில் ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவில் முதியோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கான ஓய்வூதியமும் மருத்துவமும் சட்டப்படி கூடும். மொத்தத்தில் ஒரு காசு குறைய வேண்டும் என்றால் அந்த உயர்வை ஈடுகட்ட மற்ற இடங்களில் பல காசுகள் குறைய வேண்டும், அல்லது முதியோர் திட்டங்களின் விதிகளையே மாற்ற வேண்டும். எதை மாற்றுவது என்பதை மசோதா உறுப்பினர்களிடமே விட்டுவிடுகிறது. அவர்கள் அதைப் பேசத் தயாராக இல்லாததால்தான் இப்படியொரு மசோதாவே தேவைப்பட்டது.

அரசு ஊழியர் சம்பளத்தை முடக்குவது பலன் தருமா?

கொஞ்சம் தரும். 2010 நவம்பரில் அதிபர் ஒபாமா அறிவித்து, டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டமாக்கிய முடக்கத்தால் சுமார் 20 லட்சம் சிவில் ஊழியர்களுக்கு 2011, 2012 ஆண்டுகளின் பொதுச் சம்பள உயர்வு நின்றது. அது 2013-க்கும் நீண்டது. 2014 ஜனவரியில் 1 சதவீதம் உயர்ந்தது. பணிமூப்பு உயர்வுகள் தொடர்ந்தன. பணம் மிச்சமானது உண்மை. ஆனால் வெளியே நல்ல சம்பளம் கிடைக்கும் மருத்துவர்களும் கணினிப் பொறியாளர்களும்தான் முதலில் வெளியேறுவார்கள். வேலை குறையாமல் ஆள் குறைந்தால், ஒப்பந்த நிறுவனங்களிடம் அதே வேலையைக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டிவரும்.

வரம்பைச் சட்டம் போட்டு விதித்த பிறகு எப்படித் தாண்டுகிறார்கள்?

பெரும்பாலும் "அவசரம்" என்ற ஒரே சொல்லால். அவசரச் செலவு வரம்புக்குள் வராது என்று சட்டமே சொல்கிறது. புயலுக்கும் போருக்கும் அது தேவைதான். ஆனால் 2000-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒதுக்கிய சுமார் 450 கோடி டாலரையும் நாடாளுமன்றம் அவசரச் செலவாக அறிவித்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. 1790-இலிருந்து தவறாமல் எடுக்கிறார்கள். இதைவிட முன்கூட்டியே தெரிந்த செலவு வேறு இல்லை.

2011-க்குப் பிறகு இதே வேலையை வெளிநாட்டுப் போர்ச் செலவுக்கான தனிக் கணக்கு செய்தது. ராணுவத்தின் வழக்கமான செலவுகளில் ஒரு பகுதியை அதில் ஏற்றினால் வரம்பு கண்ணில் படாது. ஒரு வரம்பு மசோதா நேர்மையானதா என்று பார்க்க விரும்புகிறவர்கள், விதிவிலக்குப் பிரிவை முதலில் படிக்க வேண்டும்.

ஒதுக்கிய பணத்தை அதிபர் செலவழிக்காமல் விட்டுவிட முடியாதா?

இது நூற்றாண்டுகளாக நடக்கும் அதிகாரப் போட்டி. நீர்த் தூய்மைத் திட்டங்களுக்கு நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை அதிபர் நிக்சன் பிடித்துவைத்தார். அந்தச் சண்டையிலிருந்துதான் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அதன்படி, ஒதுக்கீட்டை ரத்து செய்ய விரும்பும் அதிபர் நாடாளுமன்றத்துக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும். 45 நாள் அமர்வுக் காலத்துக்குள் இரு சபைகளும் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணத்தைச் செலவழித்தே ஆக வேண்டும். 1975-இல் உச்ச நீதிமன்றமும் நீர்த் தூய்மை வழக்கில் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1996-இல் மசோதாவின் தனித்தனி வரிகளை ரத்து செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றமே அதிபருக்குக் கொடுத்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது.

ரத்துக் கோரிக்கைக்குச் செனட்டில் 60 வாக்குகள் தேவையில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும். 2018-இல் டிரம்ப் அனுப்பிய சுமார் 1,500 கோடி டாலர் கோரிக்கை பிரதிநிதிகள் சபையில் 210-206 என்று தப்பி, செனட்டில் 48-50 என்று விழுந்தது. 2025 ஜூலையில் அவர் வென்றார். சுமார் 900 கோடி டாலர் ரத்தானது. பெரும்பகுதி வெளிநாட்டு உதவி, 110 கோடி பொது ஒலிபரப்புக்கானது. அடுத்த மாதமே, நிதியாண்டு முடிய 45 நாள்கூட இல்லாத நேரத்தில் இன்னொரு 490 கோடிக்குக் கோரிக்கை வந்தது. பதில் வருமுன் ஆண்டு முடிந்து பணம் காலாவதியாகிவிடும் என்பதே அதன் உத்தி.

இதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லாத கருத்து உண்டு. வெட்டு சரியோ தவறோ, வாக்களித்து ஒதுக்கியதை வாக்களித்துத்தான் எடுக்க வேண்டும். நாட்காட்டியை வைத்து எடுக்கக் கூடாது.

அரசு அலுவலகங்கள் மூடப்பட்டால் செலவு மிச்சம்தானே?

இல்லை. ஒதுக்கீட்டு மசோதாவோ இடைக்கால ஒதுக்கீடோ நேரத்துக்கு நிறைவேறாவிட்டால் அலுவலகங்கள் மூடப்படும். 2018-19-இல் 35 நாட்களும், 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்களும் மூடிக் கிடந்தன. 2019-இல் வந்த சட்டப்படி, மூடிய நாட்களுக்கும் ஊழியர்களுக்குப் பின்னர் முழுச் சம்பளம் உண்டு. செய்யாத வேலைக்குச் சம்பளம், வசூலிக்காத கட்டணம், தேங்கிய கோப்பு: கூட்டினால் நஷ்டம்தான்.

அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டால் மீற முடியாதே?

1995-இல் அதற்கு மிக நெருங்கி வந்தார்கள். வரவு செலவைச் சமன் செய்யக் கட்டாயப்படுத்தும் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 300-132 என்று நிறைவேறி, செனட்டில் ஒரே வாக்கில் தவறியது. குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்தவர் மார்க் ஹாட்பீல்ட் ஒருவர்தான்.

மற்ற நாடுகளின் அனுபவம் இரண்டு பக்கமும் பேசுகிறது. சுவிட்சர்லாந்தில் 2001 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 85 சதவீதம் பேர் கடன் தடை விதியை ஏற்றார்கள். செலவை வருவாயோடு கட்டுவது அது. பொருளாதாரம் மந்தமானால் தளரும், செழித்தால் இறுகும். இன்றும் நிற்கிறது. பிரேசில் 2016-இல் செலவை விலைவாசி உயர்வோடு மட்டும் கட்டி 20 ஆண்டுகளுக்கு முடக்கியது. 2020-இல் பெருந்தொற்று வந்ததும் விலக்கு தேவைப்பட்டது. 2023-இல் அந்த விதியையே மாற்றிவிட்டார்கள். மக்கள் கேட்டு ஏற்ற விதி, வளையத் தெரிந்த விதி என்ற இரண்டும் சுவிட்சர்லாந்தில் சேர்ந்து இருந்தன.

கடன் இவ்வளவு ஏறியிருக்கும்போது வெட்டைக் குறை சொல்வது பொறுப்பில்லாத பேச்சு அல்லவா?

வெட்டையே எதிர்ப்பவனல்ல நான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. 2024-இல் அமெரிக்கா கட்டிய நிகர வட்டி அதன் ராணுவச் செலவையே தாண்டிவிட்டது. அந்த 88,000 கோடி டாலரில் ஒரு பள்ளியும் கட்டப்படவில்லை, ஒரு நோயாளிக்கும் மருந்து வாங்கப்படவில்லை. இதைக் கண்டு கவலைப்படாதவர் ஏழைகளின் நண்பராக இருக்க முடியாது. கடன் இறுகும்போது முதலில் போவது ஏழைகளின் பங்குதான் என்பதை 2013 காட்டிவிட்டது.

நான் கேட்பது, வெட்டுகிறவர் பெயர் சொல்லி வெட்ட வேண்டும் என்பதே. இந்தத் திட்டத்தை மூடுகிறேன், இன்ன காரணத்துக்காக, இத்தனை பேர் இழப்பார்கள் என்று சபையில் சொல்லட்டும். எதிர்ப்பவர் எதிர்க்கட்டும். வாக்காளர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். சதவீதமும் தானியங்கியும் பத்தாண்டுக்குப் பிந்தைய வரம்பும் பெயர் சொல்வதைத் தவிர்க்க உதவுகின்றன. வெட்டும் பக்கம் மட்டும் பார்ப்பதும் அரைக் கணக்கு. ஒரு கையால் வரியைக் குறைத்துவிட்டு மறுகையால் செலவை வெட்டினால் பற்றாக்குறை இருந்த இடத்திலேயே இருக்கும்.

புதிய மசோதா வந்தால் நானே படித்துப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு மசோதாவின் முழு உரையும் இலவசமாகக் கிடைக்கிறது. பட்ஜெட் அலுவலகத்தின் செலவு மதிப்பீடும் அதன் தளத்தில் இருக்கும். பெரும்பாலும் சில பக்கங்கள்தான். முதலில் மதிப்பீட்டின் அட்டவணையைத் திறந்து, முதல் இரண்டு ஆண்டுகளில் என்ன குறைகிறது, கடைசி மூன்று ஆண்டுகளில் என்ன குறைகிறது என்று பாருங்கள். மிச்சம் முழுவதும் கடைசியில் குவிந்திருந்தால், அது இப்போதைய சபை செய்யப்போகும் வெட்டல்ல. வருங்காலச் சபையின் தலையில் வைத்த வெட்டு. 2023-இன் நிதிப் பொறுப்புச் சட்டம் 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கே கட்டாய வரம்பு விதித்தது. பத்தாண்டுகளில் 1.5 லட்சம் கோடி டாலர் மிச்சம் என்ற மதிப்பீட்டின் பெரும்பகுதி, அந்த இரண்டு ஆண்டுகளின் தாழ்ந்த அளவே அடித்தளமாக நிற்கும் என்ற எதிர்பார்ப்பில் இருந்தது.

பிறகு மசோதாவுக்குத் திரும்பி, விதிவிலக்குப் பிரிவையும் "அவசரம்" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்பதையும் தேடுங்கள். ஒரு திட்டத்தின் பெயராவது அதில் இருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். பெயர் இருந்தால், அந்தத் திட்டத்தை நம்பியிருப்பவர்கள் யார் என்று தேடத் தொடங்கலாம்.